ஊர் வளர்ந்துகொண்டே போகும்போது அங்கே இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியை ஏன் மூடுகிறார்கள்?

மக்கள்தொகை ஏறிக்கொண்டே போகும் நகரத்தில் மாணவர் இல்லை என்று பள்ளியை மூடுவது எப்படி நடக்கும், உண்மையான உதாரணம் ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸில் ஃபீனிக்ஸ் யூனியன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. 1895-ல் தொடங்கினார்கள், 1982-ல் மூடினார்கள். தொடங்கியபோது ஊரில் ஐயாயிரம் பேர் இருந்தாலே அதிகம். மூடும்போது கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேர்.

நான் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறேன். சிப் தொழிற்சாலை வேலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஊரிலிருந்து யாராவது வந்தால் கிராண்ட் கேன்யன், செடோனா என்று கூட்டிப்போவது வழக்கம். நான் அதோடு டவுன்டவுனில் வான் பியூரன் தெருவுக்கும் ஒரு நடை இழுத்துக்கொண்டு போய்விடுவேன். யாரும் பெரிதாக ரசித்ததில்லை. தூண் வைத்த மூன்று பழைய கட்டடங்கள், சுற்றிலும் புதுப்புது ஆய்வகக் கட்டடங்கள், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த மூன்றுதான் பள்ளியில் மிச்சம்.

முதலில் அந்த 'யூனியன்' என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அரிசோனா மாநிலமே ஆகவில்லை. தனியாக உயர்நிலைப் பள்ளி நடத்தும் அளவுக்கு எந்தத் தொடக்கப் பள்ளி மாவட்டத்திடமும் (இங்கே மாவட்டம் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) காசு கிடையாது. அதனால் அக்கம்பக்கத்து மாவட்டங்கள் சேர்ந்து பொதுவாக ஓர் உயர்நிலைப் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அந்தக் கூட்டுதான் 'யூனியன்'. முதல் ஆண்டு நூறு மாணவர்கள்கூட இல்லை. கொஞ்ச நாளில் கிளார்க் சர்ச்சில் என்ற முன்னாள் அட்டர்னி ஜெனரலின் மாளிகையை விலைக்கு வாங்கி அதில் வகுப்பு நடத்தினார்கள். அன்று போட்ட ஏற்பாடு இன்றும் மாறவில்லை. ஃபீனிக்ஸ் யூனியன் மாவட்டம் நடத்துவது 9 முதல் 12 வரை மட்டும்தான். அதற்குக் கீழே உள்ள வகுப்புகளை 13 தனித்தனி மாவட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு, தனித் தேர்தல், வீட்டு வரியில் தனிப் பங்கு. புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

1911-ல் ரூஸ்வெல்ட் அணை கட்டி முடித்தார்கள். பாலைவனத்துக்கு நம்பிக்கையாகத் தண்ணீர் வந்ததும் ஊருக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மாநில அந்தஸ்தும் கிடைத்தது. நான் சொன்ன தூண் கட்டடங்கள் அந்தச் சமயத்தில் எழுந்தவை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வெனிஸ் கடற்கரை நகரத்துக்குக் கட்டடங்கள் வரைந்த நார்மன் மார்ஷ்தான் இவற்றுக்கும் கட்டடக் கலைஞர். ஒன்று கலையரங்கம், இன்னொன்று மனையியல் பாடத்துக்கென்றே கட்டியது. மக்கள்தொகை 1910-ல் 11,134, 1920-ல் 29,053. 1920-ல் இதே வளாகத்தில் ஜூனியர் காலேஜும் ஆரம்பித்தார்கள். இன்றைய ஃபீனிக்ஸ் காலேஜ் அதுதான். சொந்த இடத்துக்குப் போக அதற்கு 1939 வரை ஆனது.

பள்ளி மைதானம் ஒன்றே போதும், அந்தக் காலத்து மிதப்பைச் சொல்ல. மான்ட்கோமரி ஸ்டேடியத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1948 புத்தாண்டு முதல் சில ஆண்டுகள் கல்லூரி அணிகள் மோதும் 'சாலட் பவுல்' அமெரிக்கக் கால்பந்தாட்டம் அங்கேதான் நடந்தது. ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்கு முழுக்க சாலட்டுக்குப் போடும் லெட்டூஸ் கீரை விளைந்த காலம், அதனால் அப்படி ஒரு பெயர்!

இந்த மிதப்பில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. கறுப்பின மாணவர்களை முதலில் அதே பள்ளியின் தனிப் பிரிவாக ஒதுக்கினார்கள். 1926-ல் ரயில் பாதைக்குத் தெற்கே, கிடங்குகளுக்கு நடுவே, கிராண்ட் தெருவில் தனிப் பள்ளியே கட்டினார்கள். பெயரும் ஒளிவு மறைவில்லாமல் 'ஃபீனிக்ஸ் யூனியன் கலர்டு ஹைஸ்கூல்'. 1943-ல் அதை ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் உயர்நிலைப் பள்ளி என்று மாற்றினார்கள். கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் என்று அரிசோனாவில் கட்டிய ஒரே உயர்நிலைப் பள்ளி அதுதான். டபிள்யூ. ஏ. ராபின்சன் முதல்வராக இருந்தபோது அங்கே ஆசிரியர்களில் பலர் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். கட்டடம் மட்டமான இடத்தில் இருந்தாலும் படிப்பில் குறை சொல்ல முடியாது என்பது அங்கே படித்தவர்களின் பெருமை.

இந்தப் பிரிவினையை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஹேசல் டேனியல்ஸ், அரிசோனாவின் முதல் கறுப்பின வழக்கறிஞர். 1950 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனவர். ஹெர்பர்ட் ஃபின் என்ற இன்னொரு வழக்கறிஞரோடு சேர்ந்து ஃபீனிக்ஸ் யூனியன் மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டார். 1953-ல் நீதிபதி ஃப்ரெட் ஸ்ட்ரக்மையர் இந்தப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். ஆப்பிரிக்க வம்சாவளி என்பதால் ஒரு பிள்ளையைப் பிரித்துவைக்கும் அதிகாரத்தைப் பள்ளிக் குழுவுக்குச் சட்டமன்றம் கொடுக்கலாம் என்றால், நாளைக்கு ஜெர்மன், சீன, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகளையும் பிரிக்கலாமே என்று கேட்டார். அரை நூற்றாண்டு சகிப்பின்மை போதும் என்றும் எழுதினார். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன, நாடு முழுவதும் பேசப்பட்ட பிரவுன் வழக்கின் தீர்ப்பு இதற்கு மறு ஆண்டுதான் வந்தது. பள்ளிப் பிரிவினை என்றாலே எல்லோரும் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் தடுத்த ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரைச் சொல்கிறார்கள், ஃபீனிக்ஸை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1954-ல் கார்வரை மூடினார்கள். பல ஆண்டுகள் கழித்து முன்னாள் மாணவர்களே அந்தக் கட்டடத்தை வாங்கி அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள்.

சரி, முதன்மைப் பள்ளி ஏன் மூடப்பட்டது? எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதுதான் விஷயம். இரண்டாம் உலகப் போரில் விமானப் படைத் தளங்கள் வந்தன, 1949-ல் மோட்டோரோலா வந்தது, வீட்டுக்கு வீடு ஏசி வந்தது. 1950-ல் நகரத்தின் பரப்பு 17 சதுர மைல். 1960-ல் 187. வருகிறவர்களையெல்லாம் நடு ஊரில் நெருக்கிக் குடிவைக்கவில்லை. சுற்றியிருந்த பருத்திக் காட்டையும் லெட்டூஸ் வயலையும் மனை போட்டு நகர எல்லைக்குள் இழுத்துக்கொண்டார்கள். பத்தே ஆண்டில் மக்கள்தொகை 1,06,818-லிருந்து 4,39,170. மேற்கே ஜான் எஃப். லாங் கட்டிய மேரிவேல் மாதிரி வீட்டுத்தொகுதிகளில் இளம் குடும்பங்கள் போய் இறங்கின.

பிள்ளைகள் போன பக்கம் பள்ளியும் போகத்தானே வேண்டும்? நார்த் உயர்நிலைப் பள்ளி 1939-லேயே வந்திருந்தது. அப்புறம் வெஸ்ட், 1954-ல் கேமல்பேக், 1957-ல் சென்ட்ரல், அறுபதுகளில் மேரிவேல், ஈஸ்ட் என்று வரிசையாகத் திறந்தார்கள். எல்லாம் ஒரே ஃபீனிக்ஸ் யூனியன் மாவட்டத்துக்குள்தான். ஒவ்வொன்றும் திறந்தபோது தாய்ப் பள்ளியின் எல்லையிலிருந்து ஒரு துண்டு குறைந்தது. பாகப்பிரிவினையில் மூத்தவனுக்குப் பழைய வீடு மட்டும் மிஞ்சுவது போல, பெயரும் தூண்களும் வான் பியூரன் தெருவில் நின்றன.

வசதி இருந்த வெள்ளையர் குடும்பங்கள் வெளியே போக, எழுபதுகளில் அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். ஆசிரியர்களிலும் ஆலோசகர்களிலும் தங்கள் ஆட்கள் இல்லை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் இல்லை என்று 1970 இலையுதிர் காலத்தில் பெற்றோரும் மாணவர்களும் பள்ளியைப் புறக்கணித்தார்கள். முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த, மெக்சிகோ வம்சாவளி மக்களின் உரிமைக்கான சிக்கானோஸ் போர் லா காவ்ஸா அமைப்பு அதற்குப் பின்னால் நின்றது. அதே பத்தாண்டில் விமான நிலைய விரிவாக்கத்துக்காகப் பக்கத்தில் கோல்டன் கேட் என்ற மெக்சிகர் குடியிருப்பையே காலி செய்தார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தெருக்களே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பிறகு "மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவது சுலபம். குறைய வைத்தது யார் என்பதை எந்த அறிக்கையும் எழுதாது.

1980-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் நடு ஊருக்குப் பக்கத்திலிருந்த பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டன. ஃபீனிக்ஸ் யூனியனோடு ஈஸ்ட்டும் போனது, அடுத்து வெஸ்ட். நார்த்தை மூடி, பிறகு திறந்தார்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்த்துத்தான் கை வைக்கிறீர்கள் என்று வழக்கு வந்தது. 1985-ல் அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நீதிமன்றச் சமரச ஆணையாக முடிந்து, குறிப்பிட்ட பாடங்களில் சிறப்புப் பிரிவுகள் உள்ள பள்ளிகளுக்கு வழிவிட்டது. மூடிய பள்ளி மூடியதுதான். வளாகத்தில் பெரும்பகுதி இடிபட்டது.

அந்த மூன்று கட்டடங்களையும் பழுதுபார்த்து 2007-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி குடியேறியது. முதல் அணியில் 24 மாணவர்கள். அதற்கு முந்தைய ஆண்டே அதே ஃபீனிக்ஸ் யூனியன் மாவட்டம் பக்கத்திலேயே, பழைய மெக்கின்லி தொடக்கப் பள்ளிக் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டு, பயோசயின்ஸ் உயர்நிலைப் பள்ளி என்று சிறிதாக ஒன்றைத் திறந்தது. மருத்துவ ஆய்வு வளாகம் வருகிறது, அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அது உதவும் என்பது கணக்கு.

நடு ஊருக்கு மறுபடி பெரிய உயர்நிலைப் பள்ளி வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. டவுன்டவுனில் இப்போது எழும்பும் அடுக்குமாடிகளில் கல்லூரி மாணவர்களும் தனியாட்களும்தான் அதிகம் தென்படுகிறார்கள். குழந்தை பிறந்ததும் அவர்களும் பள்ளி ரேட்டிங் பார்த்து எங்கள் சாண்ட்லர் பக்கம் வீடு தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு முறையாவது அந்தக் கேள்வி வருகிறது. இங்கேயும் பழைய பகுதிகளில் தொடக்கப் பள்ளி வகுப்புகள் காலியாகத் தொடங்கியிருப்பதாகப் பேச்சு.