பள்ளி மாணவர்களுக்கான வளங்குன்றா வடிவமைப்புப் போட்டியில் என் மகள் கலந்துகொள்ளலாமா? திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

தாராளமாகக் கலந்துகொள்ளட்டும். வளங்குன்றா வடிவமைப்பு என்றால் இயற்கை வளத்தை வீணாக்காமல் நீண்ட நாள் பயன்படும்படி ஒன்றை அமைப்பதுதான். மகள் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழி மாணவி என்றும், பெருநகரத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாதிரிகளைச் செய்துகொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகப் பள்ளியில் சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து விரைவாகத் தலைப்பைச் சொல்லச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் எல்லோரும் கைப்பேசியில் பரிசு பெற்ற மாதிரிகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தேடலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மகள் தினமும் நடந்து போய்வரும் தூரத்துக்குள் யாருக்கு என்ன சிரமம் இருக்கிறது என்று பார்த்து, அதை அளந்து எழுதச் சொல்லுங்கள். தலைப்பு அங்கிருந்துதான் வரவேண்டும்.

நான் சேரன்மகாதேவி வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியை. இத்தகைய போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவள். எங்கள் பள்ளியின் மேல்மாடி வகுப்பறைகளில் பங்குனி மாதப் பிற்பகல்களில் உட்காரவே முடியாது. காலையிலிருந்து வெயிலை வாங்கிய காங்கிரீட் தளம் மதியத்துக்குப் பிறகு அந்த வெப்பத்தைக் கீழே பிள்ளைகளின் தலைமீது இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். போட்டிக்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்டபோது, மூன்று மாணவிகள் சேர்ந்து இந்த அறையைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். சூரியப் பலகை, தானியங்கி நீர்த்தெளிப்பான் என்றெல்லாம் மற்றக் குழுக்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் கேட்டது இரண்டு சுவர் வெப்பமானிகள் மட்டுமே.

தளத்தில் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடும் என்பது அவர்களுடைய முதல் யோசனை. சாம்பல் நிறக் காங்கிரீட் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர்களில் ஒருத்தியின் தாத்தா பழைய தட்டட்டி (மொட்டைமாடித் தளம் போட்ட) வீடுகள் கட்டிய கொத்தனார். "வெறும் சுண்ணாம்பு மழைக்கு நிக்காதுல்லா பிள்ள, ஏதாவது சேத்துத்தான் அடிக்கணும்" என்று அவர் சொன்னதிலிருந்துதான் வேலையே தொடங்கியது. பழைய தளங்களில் செங்கல் ஜல்லியோடு சுண்ணாம்பைக் கலந்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் விட்டு இடித்திருக்கிறார்கள். வெள்ளையடிப்புக்கு அதே சேர்மானம் பொருந்துமா என்று பார்க்க, தளத்தின் ஒரு மூலையைக் கட்டங்களாகப் பிரித்து, வெறும் சுண்ணாம்பு, சோற்றுக் கஞ்சி சேர்த்தது, உப்பும் கஞ்சியும் சேர்த்தது, கருப்பட்டி நீர் சேர்த்தது என்று தனித்தனியே அடித்தார்கள். கருப்பட்டி சேர்த்த கட்டம் நன்றாகப் பிடித்தது. ஆனால் பழுப்பு ஏறிவிட்டது, வெள்ளை மங்கிய இடத்தில் சூடு கூடியது. எனவே நீடித்து உழைப்பதற்கும் வெளுப்பாக இருப்பதற்கும் நடுவில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உப்பும் கஞ்சியும் சேர்ந்த கலவையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வடிவமைப்பு என்று நான் நம்புவது இந்தத் தேர்வைத்தான். (சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த வேலையைப் பெரியவர்களே செய்தோம். தங்கள் மகள் சுண்ணாம்பைத் தொடுவதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம்.)

பிறகு ஓர் அறைக்கு மேல் முழுவதும் அடித்து, பக்கத்து அறையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டிலும் ஒரே உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் குறித்துவந்தார்கள். நல்ல வெயில் நாட்களில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் தெரிந்தது. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கத்துக் காற்றும் மேகமும் வந்தபோது வித்தியாசம் அநேகமாக இல்லாமல் போனது. அதையும் அழிக்காமல் எழுதினார்கள். ஐப்பசி மழை தொடங்கியபின் பூச்சு ஓரங்களில் கரைந்ததையும் எழுதினார்கள். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல் தளத்துக்கும் மறுபடி அடிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முடிவு.

அவர்களில் இளையவள் கேட்ட ஒரு கேள்வி என்னை அசைத்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றாள். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும்; இது பாடப்புத்தகக் கணக்கு. அடித்த சுண்ணாம்பு காய்ந்து இறுகும்போது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதும், சூளையில் எரித்த எரிபொருளின் புகையை அது அப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளாது என்பதும் அவர்களுடைய அறிக்கையில் ஒரு முழுப் பக்கம். தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்ட் ஆலை வந்தது என்று தெரிந்த பிள்ளைகள், அந்தக் கல்லுக்குள் என்ன அடைந்துகிடக்கிறது என்று தாங்களே கணக்கிட்டுப் பார்த்தது எனக்குப் பெரிய பெருமை.

போட்டி நாளில் நடுவர் ஒருவர் அவர்களுடைய மேசை முன் நின்று, "இதில் புதுமை எங்கே இருக்கிறது? சுண்ணாம்பு எல்லோரும் அடிப்பதுதானே?" என்று கேட்டுவிட்டு, அளவீட்டு நோட்டைப் புரட்டாமலே நகர்ந்தார். பரிசு, கையை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டிக்குப் போனது. தோற்றுப்போன ஆதங்கத்தில் எழுதுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி அல்ல. அந்தத் தொட்டியைச் செய்த பிள்ளைகள் உழைப்பாளிகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. உணரி (சென்சார்), மின்சுற்று எதுவும் கூடாது என்றும் நான் வாதிடவில்லை. ஆனால் அந்தத் தொட்டிக்கு மின்கலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய மின்கலம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. வளங்குன்றா வடிவமைப்புக்கான போட்டியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தங்கள் மகளும் தமிழ்வழியில் படிப்பதால். எங்கள் மாணவிகள் தமிழில் தெளிவாக விளக்கினார்கள்; மதிப்பெண் தாளில் 'எடுத்துரைக்கும் திறன்' என்ற இடத்தில் மிகக் குறைவாகப் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் கற்கவே வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. வெப்பநிலை அட்டவணையைப் படிக்க ஆங்கிலம் எதற்கு என்றுதான் கேட்கிறேன். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தாய்மொழியில் ஆய்வை முன்வைக்க இடம் இருக்கிறது. இருபது முப்பது பள்ளிகள் கூடும் போட்டிக்கு அது முடியாதா? விண்ணப்பத்திலேயே எந்த மொழியில் பேசலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெருநகரத்தைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், துணி தேய்ப்பவர் கரியை எரிப்பதைத் தெருவில் பார்த்து, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2020இல் சுவீடனில் வழங்கப்படும் குழந்தைகளுக்கான காலநிலை விருதைப் பெற்றார். 2021இல் சுற்றுச்சூழல் தீர்வுகளுக்கு வழங்கப்படும் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் பேசினார். அவர் எடுத்துக்கொண்டது நம் ஊர் எல்லாவற்றிலும் இருக்கும் தேய்ப்பு வண்டியைத்தான்.

நம் பக்கத்தில் தலைப்புக்கா பஞ்சம்? பாபநாசத்தில் நீராட வருபவர்கள் ஆற்றிலேயே விட்டுவிடும் துணிகளை எடுத்துக்கொள்ளலாம். அவை படித்துறையில் சேரும் விதத்தை ஒரு மாதம் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பத்தமடையில் பாய் முடையும் வீடுகளில் கழித்துப் போடும் கோரைத் துண்டுகளை என்ன செய்யலாம் என்று நெய்பவர்களிடமே உட்கார்ந்து கேட்கலாம். மாதிரி செய்யத் தெரியாவிட்டால் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். பொறிகள் இயங்கும் முறையைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

செலவைப் பொறுத்தவரை, வெப்பமானி, சுண்ணாம்பு, வெள்ளையடிக்கும் மட்டை, நோட்டு எல்லாம் சேர்த்தும் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வெளியில் சாப்பிடும் தொகைக்குள் அடங்கியது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் பள்ளி வழியாகத்தான் பெயரை அனுப்ப முடியும், எனவே தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். மகளுக்குத் தலைப்பு முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அளவீட்டு அட்டவணையை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.