மருத்துவமனையின் மெடிக்கல் ஸ்டாஃப் பைலாவையும் கொள்கைகளையும் காலத்துக்கேற்பப் புதுப்பித்து வைப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு சிறிய மருத்துவமனையின் மெடிக்கல் ஸ்டாஃப் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், அங்குள்ள மருத்துவர்களின் பைலா கடைசியாக எப்போது முழுமையாகத் திருத்தப்பட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் அனுபவத்தில், பைலா பழையதாகிப் போவதற்கு யாருடைய அலட்சியத்தையும்விடப் பெரிய காரணம், அதில் இருக்க வேண்டாத விவரங்களை எல்லாம் அதிலேயே எழுதி வைத்திருப்பதுதான். ஆகவே எதை மாற்றுவது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வாக்கியம் எந்த ஆவணத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காகச் சற்றுப் பின்னணி. அமெரிக்க மருத்துவமனைகளில் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் எல்லோரும் அதன் ஊழியர்கள் அல்லர்; ஊழியரோ இல்லையோ, அங்கு நோயாளிகளைப் பார்ப்பவர்கள் ஒரு தனி அமைப்பாகச் சேர்ந்து, தங்களுக்குள் தலைவரையும் செயற்குழுவையும் தேர்ந்தெடுத்து, யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்தச் சிகிச்சை செய்ய அனுமதி தரலாம் என்று நிர்வாக வாரியத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி 1919-இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தரநிலையிலிருந்தே இந்த ஏற்பாடு எதிர்பார்க்கப்படுகிறது. மெடிக்கல் ஸ்டாஃப் எனப்படும் இந்த அமைப்பின் சட்டநூல்தான் பைலா. அதற்குக் கீழே விதிமுறைகள், அதற்கும் கீழே கொள்கைகள் என்று மூன்று அடுக்குகள் உண்டு. பைலாவின் பொருளில் எந்த மாற்றம் செய்யவும் மருத்துவர்களின் வாக்கும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். மருத்துவமனைகளை ஆய்வு செய்து தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷனின் தரநிலையின்படி இந்த இரு தரப்பில் எவரும் தன்னிச்சையாக அதை மாற்ற முடியாது. விதிமுறைகளையும் கொள்கைகளையும் திருத்தும் அதிகாரத்தையோ மருத்துவர்கள் தங்கள் செயற்குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒரு திருத்தம் ஒரே கூட்டத்தில் முடியுமா, ஓராண்டு இழுக்குமா என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மருத்துவர்களின் மறுநியமனம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்றிருந்த ஜாயின்ட் கமிஷன், 2022-இல் அதை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. வேலைப்பளு குறைந்தது என்று பல அலுவலகங்கள் மகிழ்ந்தன. ஆனால் உங்கள் பைலாவில் "24 மாதங்கள்" என்று எழுதியிருந்தால், அது திருத்தப்படும் வரை உங்களுக்கு 24 மாதங்கள்தான். ஆய்வுக்கு வருபவர்கள் தங்கள் தரநிலையை மட்டும் பார்ப்பதில்லை. நீங்களே எழுதிக்கொண்டதை நீங்கள் பின்பற்றுகிறீர்களா என்றும் பார்க்கிறார்கள். சில மாநிலங்களின் சட்டம் இரண்டு ஆண்டு வரம்பையே இன்னும் வைத்திருப்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளும் இழப்பீடுகளும் பதிவாகும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் ஒவ்வொரு மருத்துவரைப் பற்றியும் மருத்துவமனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விசாரித்தாக வேண்டும். மறுநியமனக் காலத்தை மூன்றாக்கினாலும் அந்தக் கடமை நீளாது. முன்பு இரண்டும் ஒரே நாளில் முடிந்துகொண்டிருந்தன. புதிய பதிவு வந்தால் தானாகவே தெரிவிக்கும் அந்த வங்கியின் தொடர் விசாரணைச் சேவையில் சேராமல் பைலாவின் எண்ணை மட்டும் மாற்றியவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். போதாக்குறைக்கு அந்த "24 மாதங்கள்" பைலாவில் மட்டும் இருக்காது. தகுதி சரிபார்ப்புக் கொள்கை, விண்ணப்பப் படிவம், நியமனக் கடிதத்தின் மாதிரி, துறை விதிமுறை என்று எங்கெங்கோ ஒளிந்திருக்கும். ஓர் எக்ஸெல் தாளைத் திறந்து, காலக்கெடு சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எந்தெந்த ஆவணங்களில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நான் வேறெதற்கும் முன்னால் இதைத்தான் செய்வேன்.

சட்டம் கேட்பதற்கு மேல் உறுதிமொழி கொடுத்து வைப்பதன் விளைவு நீதிமன்றம் வரை போகும். இல்லினாய் மாநிலத்தில் 1960-இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்த 18 வயது கல்லூரி மாணவர் ஒருவருக்குப் போட்ட மாவுக்கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வந்தது. டார்லிங் வழக்கு என்று எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த அந்த வழக்கில், மருத்துவமனையின் சொந்த பைலாவையே ஜூரியின் முன் சாட்சியமாக வைக்கலாம் என்று 1965-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. "கொள்கைகள் அனைத்தும் ஆண்டுதோறும் பரிசீலிக்கப்படும்" என்ற அழகான வாக்கியம் உங்கள் ஆவணத்தில் இருந்து, அப்படி நடக்கவில்லை என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவதை நீங்களே எழுதிக் கொடுத்தவராகிறீர்கள். 25 படுக்கைகளுக்கு மிகாத, பெரும்பாலும் கிராமப்புறங்களில் உள்ள கிரிட்டிகல் ஆக்சஸ் மருத்துவமனைகளுக்கு இருந்த ஆண்டுப் பரிசீலனைக் கட்டாயத்தை அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அமெரிக்க மத்திய அரசின் சி.எம்.எஸ். அமைப்பே 2019-இல் இரண்டு ஆண்டுகளாகத் தளர்த்திவிட்டது. உங்களுடையது அந்த வகை என்றால், பழைய வாக்கியம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் கொள்கைக்குத் தள்ளிவிடவும் முடியாது. உறுப்பினர் வகைகள், தகுதிகள், அனுமதி வழங்கும் முறை, பொறுப்பாளர்கள், செயற்குழுவின் அதிகாரம், இடைநீக்கம், விசாரணை, மேல்முறையீடு, திருத்தம் செய்யும் வழி ஆகியவற்றின் அடிப்படை பைலாவிலேயே இருக்க வேண்டும். நோயாளியின் மருத்துவ வரலாறும் உடல் பரிசோதனையும் எப்போது பதிவாக வேண்டும் என்பதையும் பைலாவிலேயே எழுத வேண்டும் என்று சி.எம்.எஸ். கேட்கிறது: அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 30 நாட்களுக்குள் அல்லது அனுமதித்த 24 மணி நேரத்துக்குள், எப்படியிருந்தாலும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பு. இது முன்பு 7 நாட்கள், 48 மணி நேரம் என்று இருந்தது. உங்கள் பைலாவைத் திறந்தவுடன் முதலில் இந்தப் பத்தியைப் படியுங்கள். 7, 48 என்ற எண்கள் இன்னும் இருந்தால், மற்ற பக்கங்களின் வயதும் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

தரநிலைகளின் எண்களை பைலாவுக்குள் எழுதாதீர்கள். பைலா பற்றிய ஜாயின்ட் கமிஷன் தரநிலையே எம்.எஸ்.1.20 என்றிருந்து எம்.எஸ்.01.01.01 ஆயிற்று. சட்டத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதும் வேண்டாம்.

அவசரத் திருத்தங்களைப் பொறுத்தவரை, சட்டத்துக்கு உட்படுவதற்காக விதிமுறைகளை உடனே மாற்ற வேண்டி வந்தால், அதிகாரம் ஒப்படைக்கப்பட்டிருக்கும்பட்சத்தில், செயற்குழுவும் வாரியமும் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு பிறகு மருத்துவர்களின் கருத்தைக் கேட்க வழி இருக்கிறது. பைலாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பழைய பைலாக்கள் பலவற்றில், உறுப்பினர்கள் அனைவரிலும் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்துக்கு நேரில் வந்து வாக்களித்தால்தான் திருத்தம் செல்லும் என்று இருக்கும். எல்லா மருத்துவர்களும் காலையில் வார்டுக்கு வந்து, மதியம் ஒரே அறையில் சாப்பிட்ட காலத்தில் எழுதியது அது. இன்று உள்நோயாளிகளை, அவர்களுக்கென்றே மருத்துவமனையில் பணிபுரியும் ஹாஸ்பிட்டலிஸ்ட் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வதால், உறுப்பினர்களில் பலர் மாதக்கணக்கில் மருத்துவமனை வாசலை மிதிப்பதில்லை. கோரம் எங்கிருந்து வரும்? எனவே முதல் திருத்தமாக, திருத்தம் செய்யும் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணு வாக்களிப்பையும், வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும் என்பதையும் அதில் கொண்டுவந்துவிட்டால் மற்றவை நகரும். எழுத்துப்பிழை, வரிசை எண் போன்றவற்றைச் செயற்குழுவே சரிசெய்யலாம் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்புக்கு அனுப்பும்போது 90 பக்க ஆவணத்தை இணைத்து "கருத்துக் கூறவும்" என்று எழுதினால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். இப்போதுள்ள வாசகம், முன்மொழியும் வாசகம், ஏன் என்று மூன்று நெடுவரிசைகளில் இரண்டு மூன்று பக்கத்துக்குள் கொடுங்கள். துறைத் தலைவர்களிடம் அதற்கு முன்பே நேரில் பேசிவிடுங்கள்.

விசாரணை, மேல்முறையீடு பற்றிய அத்தியாயத்தை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம். விசாரணை கோர மருத்துவருக்குக் குறைந்தது 30 நாட்கள் தருவது போன்ற 1986 சட்டத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றினால் நடவடிக்கை எடுத்த மருத்துவர் குழுவுக்குச் சட்டப் பாதுகாப்பு உறுதியாகும் என்பதால், அதை இத்துறையில் பழகிய வழக்கறிஞரிடமே கொடுங்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது வீண். பழைய பதிப்புகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். ஒரு மருத்துவரின் அனுமதி நிறுத்தப்பட்டால், அவருடைய தரப்பு முதலில் கேட்பது அந்தத் தேதியில் நடப்பில் இருந்த பைலாவைத்தான். ஒவ்வொரு பதிப்போடும், வாரியம் அதற்கு ஒப்புதல் தந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். கோப்பின் பெயரில் உள்ள "ஃபைனல்", "ஃபைனல் 2" என்பதை எந்த வழக்கறிஞரும் ஆதாரமாக ஏற்பதில்லை.