விஸ்கி, மூலிகை லிக்கர், இனிப்பு வெர்மூத்: குலுக்க வேண்டுமா, கலக்க வேண்டுமா?

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஐரிஷ் விஸ்கி, பச்சை சார்ட்ரூஸ் (மூலிகை மணமுள்ள இனிப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை ஊறிய ஒயின்) மூன்றையும் கொடுத்தார். இவற்றை வைத்து வீட்டிலேயே காக்டெயில் செய்யலாமா? குலுக்குவதா, கலக்குவதா?

பதில்:

கலக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, பால், முட்டை போன்றவை சேரும் பானங்களைத்தான் குலுக்குவார்கள். மது மட்டுமே சேரும் பானத்தைக் குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் பனிக்கட்டித் துகள்களும் புகுந்து கலங்கிப்போகும். நாக்கில் படும் வழவழப்பும் கெட்டுவிடும்.

கிருஷ்ணகிரிதான் எனக்குச் சொந்த ஊர். பெங்களூரில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இதே கேள்வியை யாராவது கேட்பார்கள். எல்லாருடைய கவலையும் விஸ்கியைப் பற்றித்தான் இருக்கும். என் அனுபவத்தில் இந்தப் பானம் விஸ்கியால் கெடுவது அபூர்வம். அதைக் கெடுப்பவை இரண்டு: மோசமான பனிக்கட்டி, பழசாகிப்போன வெர்மூத்.

உங்களிடம் இருக்கும் மூன்றும் சேர்ந்தால் அதற்கு டிப்பரரி என்று பெயர். 1917-ல் நியூயார்க் பார்டெண்டர் ஹியூகோ என்ஸ்லின் அச்சிட்ட செய்முறையில் மூன்றும் சம அளவு. அப்படிச் செய்யாதீர்கள். பச்சை சார்ட்ரூஸில் 55 சதவீதம் ஆல்கஹால். இனிப்பும் அதிகம், மணமும் அதிகம். சம அளவு ஊற்றினால் விஸ்கி இருந்த இடம் தெரியாது. நான் ஊற்றுவது விஸ்கி 45 மில்லி, வெர்மூத் 30 மில்லி, சார்ட்ரூஸ் 15 மில்லி. அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடி போதும். கண்ணளவில் மட்டும் ஊற்றாதீர்கள். சார்ட்ரூஸ் 5 மில்லி கூடினாலே நாக்கு சொல்லிவிடும்.

இனி பனிக்கட்டி. சென்ற கோடையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இதைக் கலக்கிக்கொண்டிருந்தேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, கடைசியில் தண்ணீர்தானே சேர்கிறது? நேராகவே கொஞ்சம் ஊற்றிவிட்டால் வேலை முடிந்ததே?"

நல்ல கேள்வி. தண்ணீர் சேரத்தான் வேண்டும். முறையாகக் கலக்கிய பானத்தில் ஊற்றிய மதுவின் அளவில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் சேர்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். மூலிகை மணம் ஒன்றும் வெளியே வராது. ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது சுற்றியிருப்பதிலிருந்து சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பானம் குளிர்வதே அந்த உருகலால்தான். ஆல்கஹால் இருப்பதால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் அது உறைவதில்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நீர்ப்பு மட்டும் வரும், குளிர் வராது. இதைச் சொன்னதும் மாமா தானே கரண்டியை வாங்கிக் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியை முன்பே எடுத்து வெளியே வைக்கக் கூடாது. மேலே நீர் கோத்த கட்டியைப் போட்டால், பானம் குளிர்வதற்கு முன்பே அந்த நீர் சேர்ந்து சப்பென்று ஆகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகளைவிடப் பெரிய கட்டி நல்லது. மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள். திறந்த தட்டில் உறைய வைத்தால் பக்கத்தில் இருக்கும் மீனும் அரைத்த மசாலாவும் அதில் ஏறிவிடும். சார்ட்ரூஸின் 130 மூலிகைகளோடு அவையும் சேர்ந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

கலக்கும் பாத்திரத்துக்காகக் கனத்த கண்ணாடி ஜாடி தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் சொம்பு அருமையாக வேலை செய்யும். கனமான கண்ணாடி தன் சூட்டைப் பனிக்கட்டிக்குக் கொடுத்து வீணாக உருகவைக்கும்; மெல்லிய சொம்பில் அந்தச் சூடு குறைவு. சொம்பையும் குடிக்கும் கிளாஸையும் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. மூன்றையும் ஊற்றி, பனிக்கட்டியை நிறையப் போட்டு, நீளமான கரண்டியின் முதுகு சொம்பின் உள்சுவரை ஒட்டியே போகும்படி சத்தமில்லாமல் சுற்றுங்கள். அரை நிமிடத்தில் சொம்பின் வெளிப்புறம் முழுவதும் வியர்த்து, பிடித்திருக்கும் விரல் மரத்துப்போகத் தொடங்கும். அதுதான் பதம். உடனே வடிகட்டி, கட்டி இல்லாமல் கிளாஸில் ஊற்றுங்கள். எலுமிச்சைத் தோலை ஒரு சீவு சீவி, மேற்புறம் பானத்தைப் பார்க்கும்படி மடித்து நசுக்குங்கள். அந்த எண்ணெய்த் தூறல் போதும், சாறு வேண்டாம்.

வெர்மூத் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். பல வீடுகளில் அதை விஸ்கியோடு அலமாரியில் அடுக்கி, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது ஒயின். மூலிகைகள் ஊறிய, கொஞ்சம் மது கூட்டிய ஒயின். பதினைந்து, பதினெட்டு சதவீதம்தான் ஆல்கஹால். திறந்தபின் காற்றுப் பட்டுக் கெடும். மூடியைத் திருகிய நாளிலிருந்து ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். 1786-ல் இத்தாலியின் டூரின் நகரில் அந்தோனியோ பெனெதெத்தோ கார்ப்பானோ விற்கத் தொடங்கிய சரக்கின் வம்சம் இது. இதன் கசப்புக்கு ஆதாரமான மூலிகை ஆர்ட்டிமீசியா இனம். நம் பக்கத்துப் பூச்சரங்களில் மணக்கும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போது பழகிய வாசனை போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அதற்காக மரிக்கொழுந்தையோ வேறு இலைகளையோ மதுவில் ஊறப்போட்டுப் பார்க்காதீர்கள். எந்த இலை எவ்வளவு சேரலாம் என்று தெரியாமல் செய்வது ஆபத்து.

சார்ட்ரூஸ் பாட்டிலைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். பிரான்ஸில் அதைத் தயாரிக்கும் கார்த்தூசியத் துறவிகள், தங்கள் தவவாழ்வுதான் முக்கியம் என்று உற்பத்தியை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ள 2019-ல் முடிவெடுத்தார்கள். அதிலிருந்து உலகம் முழுவதும் தட்டுப்பாடு. தீர்ந்துபோனால் பெனடிக்டீன் என்ற இன்னொரு மூலிகை லிக்கர் வாங்குங்கள்: ஸ்காட்ச் 60, வெர்மூத் 30, பெனடிக்டீன் 10. இதற்கு பாபி பர்ன்ஸ் என்று பெயர். என்னைக் கேட்டால் முதல் முறை குடிப்பவருக்கு இதுவே இதமானது. தேன் மணம் முன்னால் நிற்கும். வாங்குவதை முறையாக வாங்குங்கள். கர்நாடகக் கடையில் வாங்கி அத்திப்பள்ளி வழியாக அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டச் சிக்கல்.

அளவு பற்றி ஒன்று. இந்த டிப்பரரி ஒரு கிளாஸில் ஏறக்குறைய 31 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் 42.8 சதவீத விஸ்கியில் 30 மில்லி பெக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட இரண்டரை பெக். இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும். வீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன் ஒன்று. இரண்டாவதை நான் யாருக்கும் ஊற்றுவதில்லை. அன்று இரவு வண்டிச் சாவியைத் தொடவே கூடாது.

மிஞ்சும் வெர்மூத்தை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். 60 மில்லி வெர்மூத்தில் பனிக்கட்டி போட்டு, சோடா ஊற்றி, ஒரு துண்டு ஆரஞ்சு சேர்த்துக் குடியுங்கள். வீரியம் குறைவு, பாட்டிலும் கெடுவதற்குள் காலியாகும்.