தோட்டா உறையின் கழுத்து எவ்வளவு இறுக வேண்டும்?

கேள்வி: டெக்சாஸில் மான் வேட்டைக்கு .308 வின்செஸ்டர் போல்ட் ரைஃபிள் வைத்திருக்கிறேன். சுட்ட உறைகளை நானே மறுபடி நிரப்புகிறேன். குண்டைப் பிடிக்கும் கழுத்து எல்லாவற்றையும் 0.336 அங்குல புஷ்ஷிங் (கழுத்தை நெருக்கும் வளையம்) போட்ட டையில்தான், அதாவது உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்தான், இறுக்குகிறேன். ஆனாலும் சில உறைகளில் விரலால் அழுத்தினாலே குண்டு உள்ளே போய்விடுகிறது. சிலவற்றில் குண்டைப் பொருத்தப் பிரஸ்ஸை அழுத்தவே சிரமமாக இருக்கிறது. வேறு புஷ்ஷிங் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன், விரலுக்கே நகரும் குண்டுகள் உள்ள தோட்டாக்களைத் தனியே எடுத்து வையுங்கள், சுட வேண்டாம். மேகசினிலிருந்து ஏறும்போதோ பின்னுதைப்பிலோ அந்தக் குண்டு உறைக்குள் இறங்கிவிடலாம். அப்போது வெடிமருந்து எரியும் இடம் சுருங்கி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும்.

உங்கள் உறைகள் பல நிறுவனங்களுடையவை என்று நினைக்கிறேன். புஷ்ஷிங் கழுத்தின் வெளிவிட்டத்தைத்தான் தீர்மானிக்கிறது. குண்டைப் பிடித்து நிறுத்துவது உள்விட்டம். இரண்டுக்கும் நடுவே இருப்பது பித்தளைச் சுவரின் தடிமன். சுவர் 0.015 அங்குலம் என்றால், 0.308 அங்குலக் குண்டு பொருத்திய கழுத்து 0.338 இருக்கும். உங்கள் 0.336 புஷ்ஷிங் அதற்குச் சரியாகவே பொருந்தும். சுவர் 0.013 உள்ள உறையில் அதே கழுத்து 0.334தான், புஷ்ஷிங் அதைப் போதிய அளவு இறுக்கவே இல்லை. 0.016 உள்ள உறையோ 0.340 ஆகி, தேவைக்கு மேல் இறுகுகிறது. ஆகவே உறைகளை நிறுவனவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் வெடிமருந்தும் பிரைமரும் (அதைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத சில உறைகளில் குண்டைப் பொருத்தி, கழுத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, கிடைக்கும் எண்ணிலிருந்து 0.002 கழியுங்கள். அந்த வகைக்கு வேண்டிய புஷ்ஷிங் அதுதான். கையேட்டில் இதற்கு ஒரே எண்ணைத் தேடிப் பயனில்லை.

பிரித்த பின்பும் பிடிப்பு மாறினால், பித்தளை கடினமாகிப்போயிருக்கலாம். சுடுவதும் இறுக்குவதும் மாறி மாறி நடக்கும்போது கழுத்து கடினமாகி, டையிலிருந்து வெளியே வந்ததும் பழைய அளவை நோக்கிக் கொஞ்சம் விரியும். எத்தனை முறை சுட்டது என்பதைப் பொறுத்து அந்த விரிவு மாறும். அனீலிங் (சூடாக்கி மிருதுவாக்குவது) செய்தால் சீராகும். ஆனால் வெப்பம் கழுத்தோடும் அதற்குக் கீழே சரியும் தோளோடும் நிற்க வேண்டும். அடிப்பாகம் மிருதுவாகிவிட்டால் அந்த உறையை எறிந்துவிடுங்கள். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் அதுதான்.

தொழிற்சாலை ரைஃபிளில் சுட்ட கழுத்து 0.344 அங்குலத்தை ஒட்டி விரிந்திருக்கும். அதை ஒரே மூச்சில் 0.336க்குக் கொண்டுவந்தால் கோணலாகும் வாய்ப்பு உண்டு. நடுவே 0.340 புஷ்ஷிங்கில் ஒருமுறை இறுக்குவதையே நான் விரும்புகிறேன். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும், டைக்குள் உள்ள விரிவாக்கி உருண்டையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கழுத்தின் உட்புறத்தில் மசகு தடவுங்கள். உலர்ந்த கழுத்தின் வழியே உருண்டை வெளியேறும்போது கழுத்தை இழுத்து வளைத்துவிடும்.

கழுத்தை மட்டும் இறுக்குவது உங்கள் போல்ட் ரைஃபிளுக்குப் போதுமானது, உறையின் தோள் ரைஃபிளின் தோட்டா அறையில் முட்டத் தொடங்கும் வரைக்கும். போல்ட்டை மூடத் தடை தெரிந்தால், முழு நீள டையில் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பின்தள்ளுங்கள். அரைத் தானியங்கி ரக ரைஃபிளில் இந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஒவ்வொரு முறையும் முழு நீளமும் இறுக்கியே ஆக வேண்டும்.