கிட்டார் ஓரத்துக்குக் காடி எடுக்க எந்த ஜிக்?

கேள்வி: முதன்முறையாக ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் செய்கிறேன். ட்ரெட்நாட் வடிவம். பக்கமும் முதுகும் ஈட்டி மரம், முகப்பு ஸ்புரூஸ். உடலை ஒட்டி முடித்துவிட்டேன். பைண்டிங் (ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை) பதிக்க ஓரத்தில் காடி (படிபோன்ற பள்ளம்) எடுக்க வேண்டும். ட்ரிம்மரில் (மரம் வெட்டும் சிறு கைமின்கருவி) பேரிங் பிட் (பக்கச்சுவரைத் தொட்டு ஓடும் சுழல்வளையம் கொண்ட வெட்டுமுனை) மாட்டினாலே போதும் என்கிறார் நண்பர். அமெரிக்க ஜிக் (ட்ரிம்மரைச் சாயாமல் பிடிக்கும் தாங்கி) இல்லாமல் முடியாது, 65,000 ரூபாய்க்கு வரவழைத்துத் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது? (கோவை வாசகர்)

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் நண்பர் சொன்னது. உங்கள் கிட்டாரின் முதுகுக்குக் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டும், இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரியும். முதுகை ஏறத்தாழ 15 அடி ஆரத்தில் லேசாகக் குவித்துத்தான் செய்கிறோம். அதோடு, அடிப்பக்கம் 12 செ.மீ. ஆழம் இருந்தால் கழுத்துப் பக்கம் 10 செ.மீ.தான் இருக்கும். கழுத்தருகே இந்த இரண்டு சரிவும் ஒன்றாகச் சேர்ந்து 5 டிகிரியைத் தாண்டிவிடும். ட்ரிம்மரின் அடித்தட்டு அந்தச் சரிவில் உட்கார்ந்தால் பிட்டும் சாய்ந்தே வெட்டும். பைண்டிங் 6 மி.மீ. உயரம் என்றால் காடியின் மேல்விளிம்புக்கும் அடிக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அந்த இடுக்கில் பசையும் மரத்தூளும் வைத்து அடைப்பார்கள். பாலிஷ் ஏறியதும் அது கோடாகத் தெரியும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

ஆகவே ஜிக்கின் வேலை ஒன்றுதான்: கிட்டாரின் முதுகு எப்படிச் சரிந்தாலும் பிட் பக்கச்சுவருக்கு இணையாக நிற்க வேண்டும். ட்ரிம்மர் மேலும் கீழும் மட்டும் போய்வர வேண்டும், சாயக்கூடாது. பிட்டைச் சுற்றி ஒரு சிறு வளையம் மட்டும் முதுகின் ஓரத்தில் தொட்டு ஊர்ந்தால் காடியின் உயரம் மாறாது. வெளிநாட்டு ஜிக் எத்தனை ஆயிரமானாலும் செய்வது இதைத்தான்.

இதை நீங்களே செய்துகொள்ளலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தூண். அதில் மேசை டிராயருக்குப் போடும் பால்பேரிங் சேனல் இரண்டு, இணையாக. அவற்றின் மேல் ஒரு பலகை, பலகையில் ட்ரிம்மர், அதன் அடியில் அந்த வளையம். சேனல் வாங்கும்போது கடையிலேயே இழுத்து, முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். கிட்டார் உட்கார ஒரு தொட்டில், அதற்கு நான்கு மூலையிலும் ஏற்றி இறக்கும் திருகுகள். சமமான மேசையில் தொட்டிலை வைத்து, மூலைமட்டத்தைப் பக்கச்சுவரில் ஏழெட்டு இடங்களில் சாத்திப் பார்த்துத் திருகுங்கள். இந்தச் சரிபார்ப்பில் அரை நாள் போனாலும் போகட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே குடைவில்லாத, முன்னும் பின்னும் தட்டையான எலக்ட்ரிக் கிட்டார் என்றால் உங்கள் நண்பர் சொன்னது சரி, வெறும் பேரிங் பிட்டே போதும். தட்டை என்றால் முழுத் தட்டை. முகப்பைச் செதுக்கிக் குவித்திருந்தால் இது பொருந்தாது. கை வைக்கும் இடத்தை மட்டும் சீவிச் சரித்திருந்தாலும் அந்த இடத்தில் பொருந்தாது. “எலக்ட்ரிக்தானே” என்று நினைத்து, சரித்த இடத்தில் ட்ரிம்மரை ஓட்டிப் பாழாக்கிய உடல்கள் என் பட்டறைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் ஜிக் வேண்டும்.

இனி ஏஜென்ட் விஷயம். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. எனக்கு ஒருவர் ஜிக்கோடு ரூட்டரும் (ட்ரிம்மரைப் போன்ற பெரிய கருவி) சேர்த்து வரவழைத்துத் தந்தார். வோல்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொருகிய சில நொடிகளில் மோட்டார் புகைந்தது. பணமும் திரும்பவில்லை. ‘பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன், வரி வராது’ என்றும் சொல்வார்கள். வரியில்லாமல் பரிசுப் பொருள் வரவழைக்கும் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொருளின் விலைக்கு மட்டும் சுங்கவரி என்று நினைக்காதீர்கள். கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்கு வரி, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. ஒரே பொருளை ஒரு முறை மரவேலைக் கருவி என்றும், மறுமுறை இசைக்கருவி உதிரி என்றும் எழுதி, இரண்டு விதமாக வரி போட்டு என்னிடம் வாங்கியிருக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கைவினைஞன் ஒரு கருவி வாங்க இவ்வளவு அலைய வேண்டுமா என்று இன்றும் வயிறு எரிகிறது.

பணத்தைப் பிட்டிலும் பேரிங்கிலும் போடுங்கள். பிட்டின் விட்டத்திலிருந்து பேரிங்கின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் காடியின் ஆழம். 19 மி.மீ. பிட்டில் 15 மி.மீ. பேரிங் போட்டால் 2 மி.மீ. உங்கள் பைண்டிங்கைக் காலிப்பரில் அளந்துவிட்டு பேரிங்கைத் தேடுங்கள். பிட்டின் தண்டையும் அளந்து வாங்குங்கள். இங்கே விற்கும் ட்ரிம்மர்கள் பலவற்றின் வாய் 6 மி.மீ.; இறக்குமதி பிட்கள் கால் அங்குலம், அதாவது 6.35. அது நுழையாது. மாற்றிப் போட்டால், 6 மி.மீ. தண்டு கால் அங்குல வாயில் நழுவி, சுழலும்போதே வெளியே வரும். ‘கொஞ்சம் இறுக்கிக்கங்க சார், பிடிக்கும்’ என்று சொல்லும் கடையில் ஒரு ஆணிகூட வாங்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் காய்ந்த பசையைச் சுரண்டிவிடுங்கள். பேரிங் அதன் மேல் ஏறினால் அந்த இடத்தில் காடி ஆழம் குறையும். ஸ்புரூஸ் ஓரத்துக்கு ஒரு கை ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசுங்கள். அகன்ற இடத்தில் தொடங்கி இடுப்பை நோக்கி ஒரு வெட்டு, அதே இடத்திலிருந்து முனையை நோக்கி ஒரு வெட்டு. எதிர்த்திசையில் போனால் நார் பிய்ந்து வரும். இவற்றில் பாதி வெட்டுகளில் பிட் தானாக முன்னே இழுக்கும். அங்கே கிட்டாரை இறுகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து தடவையில் எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், கழிவுப் பிளைவுட்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, பைண்டிங் துண்டைப் பதித்து விரலால் தடவுங்கள். பக்கச்சுவரைவிட மயிரிழை துருத்தி நின்றால் சரி, அதைப் பிறகு சுரண்டிக்கொள்ளலாம். உள்ளே போயிருந்தால் கிட்டாரைத் தொடாதீர்கள், ஒரு அளவு பெரிய பேரிங் வாங்கி வாருங்கள்.