கல்யாணத்துக்குக் கையால் தைத்த குயில்ட்: துணி, பஞ்சு, பில்

தோழிக்குத் திருமணம். பெங்களூரில் குடியேறப் போகிறாள். டபுள் காட் அளவில் ஒரு குயில்ட், அதாவது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வை, செய்து கொடுக்க ஆசை. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, நேர்த்தையல் நன்றாக வரும். எவ்வளவு துணி, எந்தத் துணி வாங்க வேண்டும்?

கட்டிலின் அளவைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். டபுள் காட் என்று சொன்னாலும் 60×78 அங்குலமும் உண்டு, 72×78-ம் உண்டு. எது என்று தெரியாவிட்டால் 85×95 அங்குலத்துக்குத் தையுங்கள். சின்னக் கட்டிலில் இரண்டு பக்கமும் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடவே தொங்கும். பெரியதில் ஆறேழு அங்குலம் இறங்கும், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

முதல் குயில்டுக்குப் பெரிய சதுரங்களே போதும். 10 அங்குலச் சதுரமாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் 9.5 அங்குலம் கிடைக்கும். குறுக்கே 9, நெடுக்கே 10 என்று 90 சதுரம் வைத்தால் 85.5×95 வந்துவிடும். 10.5 வெட்டினால் கணக்கு சுலபமாயிற்றே என்று தோன்றும். ஆனால் 44 அங்குலம் என்று விற்கிற துணி, துவைத்துச் சுருங்கி கரை ஓரத்தையும் கழித்தபின் 41-க்குத்தான் நிற்கும். நாலு சதுரத்துக்கு 42 வேண்டும் என்பதால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சதுரம் போய்விடும்.

ஆறு நிறம் எடுங்கள். நிறத்துக்கு 15 சதுரம் ஆகும். 44 அங்குல அகலத் துணியில் நிறத்துக்கு 1.25 மீட்டர் போதும். மேட்சிங் சென்டரில் கிடைக்கும் 36 அங்குல டூ பை டூ ரூபியா பிளவுஸ் துணி என்றால் 1.5 மீட்டர் வாங்குங்கள். நிறத் தேர்வுக்கு மேட்சிங் சென்டரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காட்டன் அடுக்கும் மிக்ஸிங் (பாலியஸ்டர் கலந்த துணி) அடுக்கும் பக்கத்திலேயே இருக்கும், எது எது என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முனையில் கட்டியாகும். காட்டனையும் மிக்ஸிங்கையும் ஒரே குயில்டில் சேர்க்காதீர்கள். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, முதல் துவைப்பிலேயே தையல் இழுத்துக்கொள்ளும்.

அடித்துணிக்கு 108 அங்குல அகலப் பெட்ஷீட் துணி 2.75 மீட்டர் வாங்கினால் நடுவில் ஒட்டுத் தையலே வராது. 44 அங்குலத் துணியில் இதையே செய்ய 7.5 மீட்டர் ஆகும். மீட்டர் விலையை மட்டும் பார்த்து இங்கே ஏமாறுபவர்கள் அதிகம், மொத்த விலையைப் போட்டுப் பாருங்கள். ஓரப்பட்டிக்கு 75 சென்டிமீட்டர். அதை இரண்டரை அங்குலப் பட்டைகளாகப் பத்து வெட்டி, மூலைவாட்டில் ஒட்டி நீளமாக்கிக்கொள்ளலாம்.

கால் அங்குலம் என்பது தையல்காரர் கணக்கில் இரண்டு நூல். ஒரு வரிசையை இரண்டு நூலிலும் அடுத்ததை மூன்று நூலிலும் தைத்தால், எட்டுத் தையலில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 நூல், அதாவது முழுசாக இரண்டு அங்குலம் குறையும். வரிசைகள் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், வெட்டினது கோணல் என்று கத்திரியைப் பழிக்க வேண்டாம். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதில் உரசவிட்டுத் தையுங்கள். தைத்த மடிப்பை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் மூலைகள் தாமாகவே ஒன்றில் ஒன்று உட்காரும்.

உள்ளே இலவம்பஞ்சு வைக்கச் சொல்கிறார் அம்மா. கடைக்காரர் ரெக்ரான் என்ற பாலியஸ்டர் பஞ்சைச் சொல்கிறார். எது நல்லது?

இதை முடிவு செய்யாமல் துணியே வாங்காதீர்கள். தையல் எவ்வளவு நெருக்கமாக வர வேண்டும், போர்வை எவ்வளவு கனக்கும், எப்படித் துவைப்பது எல்லாமே பஞ்சைப் பொறுத்தது.

இலவம்பஞ்சு தலையணைக்கும் மெத்தைக்கும் அருமை, குயில்டுக்கு வேண்டாம். இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. நாலு நாள் போர்த்தினால் ஒரு மூலைக்கு ஓடிவிடும், தண்ணீரில் நனைத்தால் கட்டி கட்டியாகும். சாதாரண உதிரிப் பருத்திப் பஞ்சும் நகரும், அதனால்தான் ஜெய்ப்பூர் ரஜாயில் (பஞ்சு வைத்த போர்வை) தையல் அவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது. உதிரிப் பஞ்சு வைத்தால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தையல் கட்டாயம். கல்யாணத்துக்குள் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏற்றது வாடிங், அதாவது ஷீட்டாக வரும் பஞ்சு. பாலியஸ்டர் ஷீட் லேசு, சீக்கிரம் காயும், நாலைந்து அங்குல இடைவெளியில் தைத்தாலே நிற்கும். அதன் குறை, மலிவானதில் இழை துணி வழியாக வெளியே முளைக்கும். உள்ளங்கையால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். ரோமம் எழும்பினால் அந்த ஷீட் வேண்டாம், அடர் நிறத் துணியில் அது வெள்ளைப் பூஞ்சணம் மாதிரித் தெரியும். பருத்தி வாடிங் கிடைத்தால் உடம்புக்கு இன்னும் இதம். அதுவும் கொஞ்சம் சுருங்கும், துவைத்தபின் மேல்துணியில் மெல்லிய சுருக்கம் விழும். சிலர் அந்த அழகுக்காகவே அதை வாங்குகிறார்கள்.

கனத்துக்கு 150 ஜிஎஸ்எம் போதும், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம். பெங்களூர்க் குளிருக்கு 300 தேவையில்லை. 150-ல் குயில்ட் சுமார் இரண்டு கிலோவில் முடியும், வீட்டு வாஷிங் மெஷினில் அடங்கும். 300 வைத்தால் மூன்று கிலோவை நெருங்கும், நனைந்ததும் தூக்கிப் பிழியப் படாதபாடு படுவாள்.

60 அங்குல அகல ஷீட்டில் 4.75 மீட்டர் வாங்கி, இரண்டாக வெட்டி ஓரங்களை முட்டவைத்து இணையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் அந்த இடம் மேடாகத் தெரியும். அந்த 4.75 மீட்டர் 150 ஜிஎஸ்எம் ஷீட் தராசில் ஏறக்குறைய 1.1 கிலோ நிற்க வேண்டும். 800 கிராம்தான் காட்டினால் அது 150 அல்ல. கடையிலேயே நிறுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் அடிப்பக்கம் மடிந்து மடிந்து பிடித்துக்கொள்கிறது. ஏன்?

அடித்துணி தளர்ந்திருக்கிறது. மெஷினின் பல் அடித்துணியைத் தள்ளுகிறது, மேலே இருக்கும் பாதம் மேல்துணியைப் பிடித்து வைக்கிறது. நடுவில் பஞ்சு இருப்பதால் வித்தியாசம் கூடிக்கொண்டே போய் ஓரத்தில் மடிப்பாக விழுகிறது.

மின்விசிறியை அணைத்துவிட்டுத் தரையில் அடித்துணியை மறுபக்கம் மேலே வரும்படி விரித்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் வாடிங், அதன்மேல் சதுரத் துணி. இந்தக் கீழ் இரண்டும் நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக நிற்கட்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, நாலு அங்குலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின். ஐந்நூறுக்கு மேல் ஆகும், அத்தனை வாங்க மனமில்லாவிட்டால் நீள நூலோட்டம் போட்டுக்கொள்ளலாம். தைக்கும்போதும் நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். தையல் நீளம் 3-க்கு மேல் வையுங்கள், ஊசி 14-ஆம் எண். மேல்துணியையும் சேர்த்துத் தள்ளும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும், உங்கள் மெஷினின் பழைய பாதத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

நேரம் குறைவென்றால் தைக்கவே வேண்டாம். ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் பக்கங்களின் நடுவிலும் மையத்திலும் தடித்த எம்பிராய்டரி நூலால் மூன்று அடுக்கையும் குத்தி இரட்டை முடிச்சுப் போட்டால் பாலியஸ்டர் ஷீட் நன்றாகவே நிற்கும்.

சிவப்புத் துணி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது. "விற்ற துணி திரும்ப எடுப்பதில்லை" என்கிறது கடை.

பில்லில் அச்சடித்திருப்பதாலேயே அது சட்டம் ஆகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கெடு இரண்டு ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் துணியை வெட்டிவிட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகும். வாங்கிய அன்றே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். சாயம் ஏறினால் வெட்டாமல் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்பார்கள், கடையில் வாங்கிய துணிக்கு அது பலிக்காது.

தைக்க நேரமில்லை. ஆன்லைனில் "ஹேண்ட்மேட், 100% காட்டன்" என்று வருவதை நம்பலாமா?

அந்த 100% பெரும்பாலும் மேல்துணியைப் பற்றியது. உள்ளே என்ன பஞ்சு, எத்தனை ஜிஎஸ்எம், மொத்த எடை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்பக்கப் படமும் கேளுங்கள். கைத்தையலில் தையல் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அச்சடித்தாற்போல் ஒரே சீராக ஓடினால் மெஷின்.

பழைய பட்டுப்புடவைத் துண்டுகளைச் சேர்க்கலாமா?

ஜரிகை உடம்பில் உறுத்தும், பட்டு பருத்தியோடு சேர்ந்து துவைப்புத் தாங்காது. ஆசையாக இருந்தால் அதே துண்டுகளில் இரண்டு குஷன் கவர் தைத்துக் கூடவே கொடுங்கள். பழைய காட்டன் புடவை மெத்தென்றிருக்கும், வங்காளத்துக் காந்தா என்ற தையல் போர்வை அதில்தான் பிறந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பழந்துணி கூடாது என்று நினைக்கும் வீடு நிறைய உண்டு. தோழியிடம் கேட்காவிட்டாலும் அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கறுப்பு நிறத்துக்கும் அதே யோசனைதான்.