நாமகிரித் தாயாரும் பகா எண்களும்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் வசிக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். போன மாதம் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரச் சொன்னேன். ‘இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லைப்பா’ என்றான். ‘நியூட்டன், ஐன்ஸ்டீன், நம்மூர் ராமானுஜன் எல்லாரும் கடவுளை நம்பினவங்கதான். அவங்களைவிட நீ பெரிய அறிவாளியா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். இத்தனை மேதைகள் நம்பியிருப்பது கடவுள் நம்பிக்கைக்கு வலு சேர்க்காதா? அவனுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ராமானுஜனிலிருந்தே தொடங்குகிறேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டு வாசலை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னார் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அதிலிருந்த சில சூத்திரங்கள் ஹார்டியை மிரள வைத்தன. அதே கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்றும் எழுதியிருந்தார். அது தவறு. அவர் சொன்ன அளவு துல்லியம் அந்தச் சூத்திரத்தில் இல்லை. சரியானதும் தவறானதும் ஒரே தலையிலிருந்து, ஒரே பக்தியோடு வந்தவைதான். இரண்டையும் பிரித்தது நிரூபணம். தாயார் கொடுத்தது என்பதற்காக ஒரு சூத்திரமும் நிற்கவில்லை. ஹார்டி நாத்திகர் என்பதற்காக ஒன்றும் விழவில்லை.

மேதை என்ற மரியாதை ராமானுஜனுக்கு வந்ததே, அவர் சொன்னதைப் பிறர் உட்கார்ந்து சரிபார்க்க முடிந்ததால்தான். அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டுபோய், அப்படிச் சரிபார்க்க வழியில்லாத இன்னொன்றுக்கு நாம் ஜாமீன் வைக்கிறோம்.

என் அப்பா மாயவரம் பக்கத்து விவசாயி. குறுவைக்கு நாற்றங்காலில் விதை விடுவதற்கு முன் அய்யனாருக்குப் பொங்கல் வைத்தாக வேண்டும் அவருக்கு. ஆனால் எந்த ரகம் போடுவது என்று அய்யனாரைக் கேட்டதில்லை. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே பதில் சொன்னவர் நெற்றி நிறைய விபூதி பூசியவரா, கறுப்புச் சட்டைக்காரரா என்பதை அவர் கவனித்ததாகவே நினைவில்லை. நெல் முளைத்ததா, கதிர் வந்ததா, அவ்வளவுதான்.

1979இல் இயற்பியல் நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள். மின்காந்த விசையும் அணுக்கருவுக்குள் வேலை செய்யும் மெல்விசையும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டியதற்காக. அவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர். பரிசு விருந்தில் பேசும்போதே குர்ஆன் வசனத்தைச் சொன்னார். ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். தனித்தனியாக யோசித்து ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். இதில் யாரைச் சாட்சிக்கு அழைப்பீர்கள்?

தலையெண்ணிக்கையில் இறங்கினால் உங்கள் மகனிடமும் ஆட்கள் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்வீகம் கொண்ட, இயற்பியல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். ஐன்ஸ்டீனை அவனிடம் எடுக்கவே எடுக்காதீர்கள். 1929இல் அவர் ஒப்புக்கொண்டது தத்துவவாதி ஸ்பினோசாவின் கடவுளை. மனிதர்களின் செயலிலும் விதியிலும் தலையிடாத கடவுள் அது. நேர்த்திக்கடன் எதுவும் அங்கே செல்லாது. 1954இல் எழுதிய ஒரு கடிதத்தில், கடவுள் என்ற சொல்லே தன்னளவில் மனித பலவீனத்தின் வெளிப்பாடுதான் என்றார். நியூட்டன் நம்பினார், சரி. ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவத்தின் மூவொருமைக் கோட்பாட்டை அவர் ரகசியமாக மறுத்தவர், ரசவாதத்திலும் பல வருடங்களைச் செலவிட்டவர். கடவுளை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பது எந்த நியாயம்?

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜார்ஜ் லெமைத்ர். கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர். இன்று பெருவெடிப்பு என்று நாம் சொல்வதற்கு முதல் வடிவம் கொடுத்தவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசினார். யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதம் சார்ந்த கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. நாளைக்கு அந்தக் கோட்பாடு தவறென்று தெரிந்தால் கடவுளும் சேர்ந்து விழ வேண்டுமா? அவருடைய கடவுளுக்கு அவருடைய சமன்பாடே சிபாரிசு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ‘முட்டாள்கள்தான் சாமி கும்பிடுவார்கள்’ என்று யாராவது சொன்னால், ராமானுஜனும் சலாமும் லெமைத்ரும் அதற்குத் தக்க பதில். கூர்மையான அறிவும் பக்தியும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். அவர்கள் காட்டுவது அவ்வளவுதான். ஆனால் உங்கள் மகன் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே! ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றுதானே சொன்னான்? அதற்குப் போய் நியூட்டனைக் கூட்டி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வான்?

உங்களுக்கே இந்த நம்பிக்கை நியூட்டனைப் படித்து வந்திருக்காது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிராகாரம் சுற்றியபோது ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கும். அதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா?

கும்பாபிஷேகம் போன மாதம்தான் என்றால் மண்டலாபிஷேகம் இன்னும் பாக்கி இருக்கும். பந்திக்கு இலை போட ஆள் போதவில்லை, வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டுப் பாருங்கள். நம்பிக்கை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்க வேண்டாம்.